ஒயின் போட்டியில் முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு
பெயர் மறைத்து ஒயின் ருசிக்கும் போட்டியில் முதல் கிளாஸிலேயே வாய் வைக்காமல், வரிசையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை முகர்ந்து, சட்டென்று தோன்றுவதை ஒரே சொல்லில் குறித்துவிட்டு அப்புறம் ருசியுங்கள் (விழுங்காமல் துப்பத்தான் வேண்டும், அது தனி). சிவப்பு ஒயினின் துவர்ப்பு வாய்க்கு வாய் நாக்கில் சேர்ந்துகொண்டே போகும், மூக்கும் ஒரு வாசனைக்குச் சீக்கிரமே பழகி, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1953 முதல் மோதும் போட்டி மாதிரி 6 வெள்ளை, 6 சிவப்பு என்று வந்தால் கடைசி கிளாஸ்களில்தான் இதன் அருமை தெரியும். கெவுர்ஸ்ட்ராமினர் மாதிரி லிச்சி, ரோஜா மணம் வீசும் ஒயின் முகர்ந்ததுமே மாட்டிக்கொள்ளும்.

கிளாஸை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் போட்டியில் இது நடக்காது. ரொம்பக் குளிர்ந்த வெள்ளை ஒயினிலும் வாசனை எழும்பாது, கிளாஸைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால்தான் வரும்.