போர்ட் லூயிஸ் சிட்டடெல் கோட்டைக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறு குன்றின் உச்சியில் அடிலெய்ட் கோட்டை நிற்கிறது. வழி கேட்கும்போது சிட்டடெல் என்று கேளுங்கள். எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். பலர் மேலே ஏறி, நான்கு படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடுகிறார்கள். கோட்டை எழுந்த காரணத்தைத் தெரிந்துகொண்டு வரிசையாகப் பார்ப்பவர்களுக்கோ, நம் முன்னோர் இத்தீவில் வந்திறங்கிய காலமே கண்முன் விரியும்.

ஆகவே முதல் வேலை, புறப்படுமுன் இந்த வரலாற்றை மனத்தில் வாங்கிக்கொள்வது. 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். ஆயினும் கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு முதலாளிகளின் கையிலேயே இருந்தன, அவற்றில் அடிமைகளே உழைத்தனர். அடிமை முறையை எதிர்த்த ஜான் ஜெரெமி என்ற சட்ட அதிகாரி 1832இல் வந்திறங்கியபோது, முதலாளிகளின் கடும் எதிர்ப்பால் திரும்பிப் போக நேர்ந்தது. மறு ஆண்டு அவர் மீண்டும் வந்தார். முதலாளிகள் கலகம் செய்யக்கூடும் என்ற அச்சத்தில் 1834இல் தொடங்கி 1840இல் முடிக்கப்பட்ட இக்கோட்டைக்கு, நான்காம் வில்லியம் மன்னரின் மனைவி அடிலெய்டின் பெயர் சூட்டப்பட்டது. கடல்வழி வரும் பகைவரை மட்டுமல்லாமல் காலடியில் கிடக்கும் நகரையும் கண்காணிக்கக் கட்டிய கோட்டை இது என்பதை மறவாதீர்கள். அஞ்சிய கலகம் வரவில்லை. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தபோது ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு இழப்பீடு முதலாளிகளுக்குக் கிடைத்தது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அடுத்து, நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் லூயிஸ் வெயில் கடுமையானது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேலும் கடுமையானது. மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் காலை வேளையே சிறந்தது. காலையில் சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் துறைமுகம் தெளிவாகத் தெரியும். மலைத்தொடரைப் படமெடுக்க விரும்புவோர் பிற்பகலில் செல்லலாம், ஆனால் இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். முற்றத்தில் இசை நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. ஆகவே அன்று கோட்டை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து வரும் பேருந்துகள் இமிகிரேஷன் சதுக்கத்திலும், ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கத்திலிருந்து வரும் பேருந்துகளும் மெட்ரோவும் விக்டோரியா நிலையத்திலும் உங்களை இறக்கிவிடும். அங்கிருந்து மத்திய சந்தைப் பக்கம் நடந்து சுஃப்ரேன் தெரு வழியாக ஏறினால் குறுக்குவழி. ஏற்றம் செங்குத்தானது, ஆனால் நீளமில்லை. முதியவர்களுடன் செல்வோர் டாக்சி அமர்த்திக்கொள்ளலாம், உச்சி வரை சாலை இருக்கிறது. குடிதண்ணீரையும் தொப்பியையும் மறக்க வேண்டாம். சந்தையில் பருப்பு வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டியான டோல் பூரியைச் சூடாக உண்டுவிட்டு ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

வாயிலை அடைந்ததும் உடனே மேல்தளத்துக்கு ஓடாதீர்கள். சுவரருகே நின்று கல்லைக் கையால் தொட்டுப் பாருங்கள். அது இத்தீவின் எரிமலைக் கருங்கல்; குழம்பு ஆறும்போது வாயு வெளியேறிய சின்னஞ்சிறு துளைகள் சில கற்களில் விரலுக்குத் தட்டுப்படும். பிறகு நடுமுற்றத்தையும் அதைச் சூழ்ந்த படைவீரர் அறைகளையும் சுற்றிவிட்டு, மேலே ஏறுங்கள்.

மேலே முதலில் தெற்கே திரும்புங்கள். கீழே தெரியும் நீள்வட்டத் திடல், 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கும் ஷாம் தெ மார்ஸ். 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற நாட்டின் கொடி ஏறியதும் அங்கேதான். பந்தய நாள்களில் இங்கிருந்தே வேடிக்கை பார்க்கலாம், ஆனால் அன்று சாலை நெரிசலும் மிகுதி. திடலுக்கு அப்பால் தென்கிழக்கில் கட்டைவிரல் போல நிமிர்ந்திருப்பது 812 மீட்டர் உயர ல பூஸ். அதற்கு இடப்புறம், உச்சியில் உருண்டைப் பாறையைச் சுமந்து நிற்பது பீட்டர் போத். தென்மேற்கில் சிக்னல் மலை.

கடைசியாக வடமேற்கே, துறைமுகத்தின் பக்கம் திரும்பி, அங்கே நிதானமாக நில்லுங்கள். பிரெஞ்சுக்காரரான லபூர்தொனே ஆளுநராக இருந்த 1730களிலேயே புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்கள் இந்நகரைக் கட்டுவதில் பங்கு கொண்டார்கள். கோட்டை வேலை தொடங்கிய அதே 1834ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று, தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளுடன் அட்லஸ் என்ற கப்பல் இத்துறைக்கு வந்தது. ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் தொடர்ந்து வந்தார்கள். அவர்களில் தமிழரும் பலர்.

அவர்கள் ஏறி வந்த 16 கற்படிகள் ஆப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறையில் இன்றும் இருக்கின்றன. யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்ற இடம் அது. கோட்டையிலிருந்து இறங்கி, ஜும்மா பள்ளிவாசலைக் கடந்து துறைமுகப் பக்கம் நடந்தால் அதே நாளில் அதையும் பார்த்துவிடலாம். இமிகிரேஷன் சதுக்கம் அருகிலேயே இருப்பதால் வடக்கே திரும்புவோர் அங்கேயே பேருந்து ஏறலாம்.