ஈவ் கொங்காரின் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதுவது எப்படி?

கொங்கார் பிரெஞ்சுக் கத்தோலிக்க இறையியலாளர். அவரைப் பற்றி எழுத ஒரு தாளில் மூன்று நிரல் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, அப்போது இருந்த ஊர், அவ்வாண்டு வெளிவந்த நூல். 1904இல் பிரான்சின் செடானில் பிறப்பு, 1925இல் சாமிநாதர் (டொமினிக்கன்) துறவற சபை, 1930இல் குருப்பட்டம். இளமைக்கு இவ்வளவு போதும். வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: அவர் படித்த லெ சொல்ஷுவார் கல்லூரி அன்று பெல்ஜியத்தில் இருந்தது, பாரிஸ் பக்கம் வந்தது பிறகுதான்.

1937இல் பிரிந்த கிறிஸ்தவ சபைகளின் ஒன்றிப்பு பற்றிய முதல் நூல்; 1940 முதல் 1945 வரை ஜெர்மானியரிடம் போர்க்கைதி. இதையும் சுருக்கமாகவே முடியுங்கள்.

கட்டுரையில் பாதியை 1950–1956க்கு வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இங்கிருந்து நேரே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு, அதாவது 1962–65இல் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பேரவைக்கு, தாவிவிடுகிறார்கள். கட்டுரை சப்பென்று போவது அதனால்தான். திருச்சபையில் உண்மைச் சீர்திருத்தம் எது, போலி எது என்று கேட்கும் நூல் 1950இல் வந்தது. அதிலுள்ள நான்கு நிபந்தனைகளைக் கட்டாயம் சொல்லுங்கள்: அன்புக்கும் மேய்ப்புப்பணிக்கும் முதலிடம், முழுத் திருச்சபையோடு உறவு அறாமை, பொறுமை, மரபின் ஊற்றுக்குத் திரும்புதல். உடனே அடுத்த வரியில் அவருக்கு நேர்ந்ததை வையுங்கள். 1952இல் அந்நூலின் மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ரோம் தடை போட்டது; 1954இல் ஆசிரியர் பணி போயிற்று. எருசலேம், ரோம், கேம்பிரிட்ஜ் என்று அலைந்து, 1956 இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க் சேர்ந்தார். மூன்றாவது நிபந்தனை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது வாசகருக்குத் தானே விளங்கும்.

இங்கே 'சபைநீக்கம்' என்று எழுதிவிடாதீர்கள். அது திருச்சபை உறவிலிருந்தே விலக்கும் வேறு தண்டனை, அவருக்கு விதிக்கப்படவில்லை. அவர் கடைசிவரை குருவாகவே இருந்தார்.

1960இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அவரைச் சங்கத் தயாரிப்புப் பணிக்கு அழைத்தார். 1962–65இல் அவர் சங்கத்தின் இறையியல் வல்லுநர், வாக்குரிமை அவருக்கு இல்லை. சங்கம் வெளியிட்ட ஏடு எதையும் காட்டி 'இந்த ஏட்டை எழுதியவர் கொங்கார்' என்பதும் தவறு, ஏனென்றால் ஒவ்வொரு வரைவும் பல கை மாறியது. ஏட்டின் பத்தி எண் காட்டி எழுதுவதே பாதுகாப்பு: திருச்சபை பற்றிய ஏட்டின் இரண்டாம் அதிகாரத்தில் 9, 13, 16, 17 ஆகிய எண்களில் தம் பங்கை அவரே 1965 டிசம்பர் 7 நாட்குறிப்பில் குறித்திருக்கிறார்.

கர்தினால் பட்டம் 1994இல், 90ஆம் வயதில்தான் வந்தது. மறைந்தது 1995 ஜூன் 22. ஆகவே சங்கக் காலத்தைச் சொல்லும்போது 'கர்தினால் கொங்கார்' என்று எழுத வேண்டாம்.