பிள்ளைக்கு முதல் ஏர் ரைபிள்: வாங்கும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

ரைபிள் கிளப்பில் சேர்ந்து சில வாரங்கள் ஆனதுமே பிள்ளைகள் சொந்தத் துப்பாக்கி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றதிலிருந்து இந்த ஆசை நாடெங்கும் பரவியிருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை சென்றபின் தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகளிடமும் அது வேரூன்றிவிட்டது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த ஆசைக்குப் பெற்றோர் பதில் சொல்லும் விதத்தில்தான் பணமும் போகிறது, பல நேரங்களில் பிள்ளையின் ஆர்வமும் போகிறது.

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தொடங்குவது .177 அளவு ஏர் ரைபிளில்தான். அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல், 10 மீட்டர் தூரம். 11 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அப்படியொரு துப்பாக்கி வாங்கப் போகும் பெற்றோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, அவசரம். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் ரைபிள் கிளப்புகளில் பயிற்சிக்கென்று பொதுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. பழையவையாக இருக்கலாம், பூச்சு உரிந்திருக்கலாம். ஆனாலும் பிள்ளை எப்படி நிற்கிறாள், எந்தக் கண்ணால் குறிபார்க்கிறாள், எவ்வளவு எடை தாங்குகிறாள் என்பதெல்லாம் அந்தத் துப்பாக்கியில்தான் தெரியவரும். சில மாதங்கள் கழித்து, ரைபிளைவிட பிஸ்டல் தனக்கு நன்றாக வருகிறது என்று மாறிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. நிற்கும் நிலை ஓரளவு படியும் வரை காத்திருங்கள். பயிற்சியாளர் "இப்போது வாங்கலாம்" என்று சொல்லும் நாளுக்கும் பிள்ளை கேட்கும் நாளுக்கும் இடையே உள்ள அந்த மாதங்கள் வீணல்ல.

அடுத்தது வேக மயக்கம். கடைகளிலும் இணைய விளம்பரங்களிலும் "விநாடிக்கு 1000 அடி வேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைபிளிலிருந்து பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டு வெளிவரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 170 முதல் 175 மீட்டர், அதாவது 570 அடி அளவுதான். அதன் ஆற்றல் 8 ஜூலுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். 10 மீட்டரில் காகித இலக்கைத் துளைக்க அது தாராளம். மாறாக, ஒலியின் வேகமான விநாடிக்கு 340 மீட்டரை நெருங்கும்போது இடுப்பு குறுகிய இந்த ஈயப் பெல்லட்டுகள் தள்ளாடத் தொடங்கும்.

அதிவேகம் என்று விற்கப்படும் துப்பாக்கிகளில் பல, பலமான ஸ்பிரிங்கால் இயங்குபவை. ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் பாய்கிறது. பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதறுகிறது. அந்த உதறலை அடக்கிச் சுடுவது அனுபவசாலிகளுக்கே சவால். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. குறி தவறியது தன் கையாலா, துப்பாக்கியின் உதறலாலா என்று தெரியாமல் பழகும் பிள்ளைக்கு எந்தப் பிழையைத் திருத்துவது என்றே புரியாது. அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் இயங்கும் ரைபிளில் இந்தக் குழப்பம் கிடையாது. பணம் போதவில்லை என்றால் ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்குவதைவிட, கிளப் துப்பாக்கியிலேயே இன்னும் ஓராண்டு சுடட்டும் என்பது என் கருத்து.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: பிள்ளையின் உடம்பைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பார்ப்பது.

சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோவரை இருக்கலாம். சாம்பியன்கள் கையில் இருக்கும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் ரைபிள்கள் 4 கிலோவுக்கு மேல்தான் நிற்கும். அதையே வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை வளர்ந்து அதற்குள் பொருந்திக்கொள்வாள் என்று, பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பதுபோல யோசிக்கிறார்கள். 35 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த ரைபிளைத் தூக்கி நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குழலின் பாரம் முன்னால் இழுக்கும். அதை ஈடுகட்ட மேலுடம்பைப் பின்னால் சாய்ப்பாள். இடுப்புக்கு மேலே முதுகு வில்லாக வளையும். இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும். அது எட்டாமல் விலா ஓரத்தில் தொங்கும். எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தோள் தசை தாங்கும். பத்தாவது குண்டிலேயே கை நடுங்கத் தொடங்கும். போட்டியிலோ 60 குண்டுகள் சுட வேண்டும். வளரும் வயதில் முதுகெலும்பை இப்படி வளைத்துப் பழக்குவதை எந்த நல்ல பயிற்சியாளரும் ஏற்க மாட்டார்.

நீளமும் அப்படித்தான். ஸ்டாக், அதாவது தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டை, நீளமாக இருந்தால் பிள்ளை கழுத்தை முன்னால் நீட்டிக் குறிபார்ப்பாள். கழுத்து நீண்டால் கண் அசதியாகும், தலை ஒவ்வொரு குண்டுக்கும் வெவ்வேறு இடத்தில் அமரும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. காலித் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை அதன் தாங்கியில் இயல்பாகச் சாய்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறக்கட்டும். தலையை அசைக்காமலேயே பின் சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) துளை வழியே முன் சைட்டின் வளையம் தெரிந்தால் அளவு சரி. தலையைத் தூக்கியோ நீட்டியோ தேட வேண்டியிருந்தால், தோள் தாங்கியையும் கன்னத் தாங்கியையும் நகர்த்திப் பாருங்கள். இரண்டையும் கடைசி வரை நகர்த்தியும் பொருந்தவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி அவளுக்கு உரியதல்ல, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இதற்காகவே பெரிய தயாரிப்பாளர்கள் ஜூனியர் ரைபிள்களைத் தனியாகச் செய்கிறார்கள். எடை குறைவு, ஸ்டாக் குட்டை, வளர வளர நீட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. அலுமினிய ஸ்டாக் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கலாம். மர ஸ்டாக்கில் சுட்டாலும் புள்ளி குறையாது. கைப்பிடியின் அளவையும் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் கணு ட்ரிகரில் நேராகப் படிய வேண்டும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கண் முதன்மைக் கண்ணாக இருப்பது அபூர்வமல்ல. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். கையும் கண்ணும் முரண்பட்டால் இடது கைத் துப்பாக்கிக்கு மாறுவதா, விதி அனுமதிக்கும் மறைப்பை மற்றக் கண்ணுக்கு முன் வைத்துச் சமாளிப்பதா என்று பயிற்சியாளரோடு பேசி முடிவெடுங்கள். வாங்கிய பிறகு கண்டுபிடித்தால், ஸ்டாக்கைத் திருப்பி மாட்ட முடியாத துப்பாக்கி அப்படியே விற்பனைக்குத்தான் போகும்.

பழைய துப்பாக்கி வாங்குவதில் தவறே இல்லை. மூத்த வீரர்கள் பாதுகாத்து வைத்திருந்த ரைபிள் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பலரும் குழலை எட்டிப் பார்ப்பார்கள், ஸ்டாக்கில் கீறல் தேடுவார்கள், சிலிண்டரைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். காற்றுச் சிலிண்டரின் மேல் அது செய்யப்பட்ட தேதி பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து சிறியது, வெளிச்சம் அடித்துத்தான் படிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டுகள் வரைதான் அதன் பயன்பாட்டுக் காலம் என்கிறார்கள். 200 பார் அழுத்தத்தை, சில மாடல்களில் அதற்கும் மேல், அந்த உலோகம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் உங்கள் பிள்ளையின் முகத்துக்கு அருகில். காலாவதியான சிலிண்டரோடு சர்வதேசப் போட்டிக்குப் போனால் அனுமதியும் கிடைக்காது. புதிய சிலிண்டரின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைக் கூட்டிப் பார்த்த பிறகே பழைய துப்பாக்கியின் விலையைப் பேசுங்கள். சிலிண்டரை நிரப்பி ஓர் இரவு வைத்து, மறுநாள் காலையில் மானியில் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது.

சிலிண்டரில் உலர்ந்த அழுத்தக் காற்றைத் தவிர வேறெதையும் நிரப்பக் கூடாது. அருகில் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கிறதே என்று அதில் நிரப்பினால், உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அது வெடித்துவிடும்.

பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதீர்கள். சுடும் ஜாக்கெட், பேன்ட், கையுறை, காலணி எல்லாம் பின்னாலேயே வரும். நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட் முதுகுக்குத் துணை நிற்கும். தளர்ந்த ஜாக்கெட்டோடு விலையுயர்ந்த ரைபிளைப் பிடித்து நிற்பதில் பயனில்லை. பெல்லட் தொடர் செலவு. தட்டை முனை கொண்ட போட்டிப் பெல்லட்டுகள் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று நூலளவு வித்தியாசத்தில் வருகின்றன. உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து வாங்க வேண்டும். அவை ஈயம் என்பதை மறக்காதீர்கள்: ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளை எதையும் வாயில் வைக்க வேண்டும். துப்பாக்கியின் மேல் மாட்டும் டெலஸ்கோப் வாங்கவே வாங்காதீர்கள், 10 மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் எது மீறினாலும் உரிமம் வேண்டும். ஆற்றலுக்காக .22 ஏர் ரைபிளை வாங்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வெடிமருந்தில் இயங்கும் .22 ரைபிளோ உரிமம் வேண்டிய ஆயுதம், அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். அதில் சுடும் 50 மீட்டர் பிரிவுக்குப் பிள்ளை வளர்ந்தபின் கிளப்பின் மேற்பார்வையில் போகட்டும்.

வீட்டுக்கு வந்த துப்பாக்கி பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறொரு அலமாரியில். சுடாத நேரமெல்லாம் குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு அதற்குள் இருக்க வேண்டும். ரேஞ்சில் அது கட்டாய விதி, வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். போட்டி ரைபிள்களில் காற்றை வெளிவிடாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதி இருக்கும். கயிற்றை எடுத்து, குழல் காலியாக இருப்பதைப் பெரியவர் ஒருவர் பார்த்த பிறகு, வெற்றுச் சுவரை நோக்கித் தினமும் அரை மணி நேரம் பிள்ளை பயிற்சி செய்யலாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் மோதி உள்ளே சேதமாகும்.