மைனஸ் 2 முதல் பிளஸ் 11 வரை

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்கோட்டில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்து, ரத்தத்தை உண்டாக்குகிற என் சொந்த ஸ்டெம் செல்லையே எனக்குத் திருப்பி ஏற்றியபோது அந்தக் கோட்டின் மேலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. செல் உடம்புக்குள் போகிற நாள் பூஜ்யம். முந்தியது மைனஸ், பிந்தியது பிளஸ். வார்டில் யாரும் தேதி பேசமாட்டார்கள். “இன்னைக்கு உங்களுக்கு பிளஸ் ஆறு சார்” என்பார்கள்.

‘ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை’ என்றதும் ஆபரேஷன் என்று நினைத்து என் மனைவி இரண்டு நாள் தூங்கவில்லை. கத்தியே கிடையாது. அதைவிடப் பெரிய குழப்பம் எனக்கு இருந்தது: ஸ்டெம் செல்தான் மருந்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. நோயை அடிப்பது அதற்கு முன்னால் கொடுக்கிற கடுமையான கீமோ. அது எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் காலி பண்ணிவிடும். அதனால்தான் விதைநெல் மாதிரி கொஞ்சம் செல்லை முன்கூட்டியே எடுத்து உறையவைத்துக்கொள்கிறார்கள். சொந்த செல் என்பதால், அடுத்தவர் செல் வந்து நம் உடம்போடு மல்லுக்கட்டுகிற தொல்லை இதில் இல்லை.

பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றி எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். கீமோ ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

செல் எடுப்பதற்குமுன் நாலைந்து நாள் தினமும் ஊசி. மஜ்ஜையில் இருக்கிற செல்லை ரத்தத்துக்குத் தள்ளிவிடுகிற ஊசி அது. மூன்றாம் நாள் இடுப்பெலும்புக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல் வலித்தது. பயப்பட வேண்டாம், மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். எந்த வலி மாத்திரை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். பிறகு மெஷின். ஒரு குழாய் வழியாக ரத்தம் போய், செல்லைப் பிரித்துக்கொண்டு மிச்சம் இன்னொரு குழாயில் திரும்பி வரும். நாலைந்து மணி நேரம் ஆகும். முதலில் பாத்ரூம் போய்விட்டு உட்காருங்கள். உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தால் உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. ‘இதைப் போய்ச் சொல்வதா’ என்று நான் சும்மா இருந்தேன். விரல்கள் மடங்க ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தேன். கால்சியம் ஏற்றினார்கள், சரியாயிற்று. குறைந்தது உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல் வேண்டும். சிலருக்கு ஒரே நாளில் கிடைத்துவிடும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

மைனஸ் 2 அன்று எனக்கு மெல்ஃபலான், அதுதான் அந்தக் கடுமையான கீமோ மருந்து. அது ஏறுவதற்கு முன்னாலும், ஏறும்போதும், ஏறி முடித்த பிறகும் ஐஸ் துண்டுகளை வாயிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கினால் அங்கே போகிற மருந்து குறையும், புண்ணும் குறையும். பல் மரத்துப்போய், கடைசி அரைமணி நேரம் நர்ஸ் பார்க்காதபோது ஏமாற்றிவிட்டேன். நீங்கள் ஏமாற்றாதீர்கள்.

பூஜ்ய நாள் ஒன்றுமே இல்லை! உறைந்த பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கிக் கொண்டுவந்து, ரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். தொண்டையில் லேசான கமறல், அவ்வளவுதான். செல்லைப் பாதுகாக்கச் சேர்த்த ரசாயனம் மூச்சு வழியாக வெளியேறும், உள்ளே வந்த மகன் “என்னப்பா, ஒரே பூண்டு வாசனை?” என்றான். எனக்குத் தெரியவே இல்லை. அன்று சிறுநீர் சிவப்பாகப் போகலாம்.

பிளஸ் 3 வரை ‘இதற்கா இவ்வளவு பயந்தோம்’ என்று இருந்தேன். அங்கேதான் ஏமாறுவோம். பிளஸ் 5 முதல் 10 வரைதான் நிஜமான பரீட்சை. எச்சில் விழுங்கினால் தொண்டையில் மணல்தாள் தேய்த்ததுபோல் இருந்தது. வயிற்றுப்போக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை இந்தக் கணக்கு வாத்தியாரே நிறுத்திவிட்டேன். பிளஸ் 7 அன்று காய்ச்சல், நடுக்கம். பெரும்பாலானவர்களுக்கு வரும், ஆன்டிபயாடிக் உடனே தொடங்கிவிடுவார்கள். பிளேட்லெட் இரண்டு தடவை ஏற்றினார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், பலமான மருந்து கேளுங்கள். சாப்பிட முடியாவிட்டாலும் வாய் கொப்பளிப்பதை விடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் முடி கொட்டும். நான் முன்னாலேயே மொட்டை போட்டுக்கொண்டேன், தலையணை சுத்தமாக இருந்தது.

தினமும் காலையில் நியூட்ரோபில், அதாவது கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை, ஆயிரத்தை ஒன்றாக வைத்துப் பலகையில் எழுதுவார்கள். 0.0. 0.0. 0.0. பிளஸ் 9 அன்று 0.1. ஒரு தசம ஸ்தானத்துக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். அரைக்கு மேல், அதாவது 500-க்கு மேல், மூன்று நாள் தொடர்ந்து நின்றால் செல் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த மூன்றில் முதல் நாள் பிளஸ் 11.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஆளாகிவிடுவோம் என்று எண்ணாதீர்கள். குளித்துவிட்டு வந்து அரைமணி படுக்கவேண்டியிருந்தது. மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும், அப்படித்தான். தடுப்பூசிகளையெல்லாம் குழந்தை மாதிரி மறுபடி போடவேண்டும். எதை எப்போது என்று உங்கள் டாக்டர் அட்டவணை தருவார். உயிருள்ள கிருமி ஊசிகள் மட்டும் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். 38 டிகிரி, அதாவது 100.4 காட்டினால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 100.6. ‘விடியட்டுமே’ என்றேன். மனைவி பதில் சொல்லவில்லை, டூட்டி டாக்டருக்கு போன் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.