மடிநோய்க்கு ஊசி போடும் முன்: மாதிரி எடுப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் நேரும் தவறுகள்

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றிய ஆய்வு என்றதும் பலருக்கும் ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையில்தான். சேலம் மாவட்டத்தில் ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் ஓரிரு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றும் குடும்பங்கள் ஏராளம் என்பதால், இதை மடிநோயை வைத்தே விளக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, எதை முதலில் செய்வது என்பதில் இருக்கிறது. மடி வீங்கிப் பால் திரிதிரியாக வந்தவுடன் ஊசி போடப்படுகிறது. சில நாள் கழித்தும் குணமாகாத பிறகுதான் பால் மாதிரி ஆய்வகத்துக்குப் புறப்படுகிறது. அதற்குள் பாலில் மருந்து இறங்கியிருப்பதால், மடிக்குள் கிருமி உயிரோடு இருந்தாலும், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புத் தட்டில் அது வளராமல் போகலாம். முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. முதல் ஊசிக்கு முன்பே மாதிரியை எடுத்து வைத்துவிட்டால், மருந்தை மாற்றலாமா என்பதை மருத்துவர் பின்னர் முடிவு செய்துகொள்வார்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மடியைக் கழுவிய ஈரத்தோடு பீச்சினால், வழியும் தண்ணீர் சாணத்திலுள்ள கிருமிகளையும் குப்பிக்குள் சேர்த்துவிடும். மடியை உலரத் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை காம்பு நுனியைத் துடைத்து, முதல் சில பீச்சல்களைத் தரையில் விடாமல் தனிப் பாத்திரத்தில் தள்ளிவிட்டு, அதன் பிறகே குப்பியைச் சாய்வாகப் பிடித்துப் பால் எடுக்க வேண்டும். துடைக்கும்போது எட்டத்தில் உள்ள காம்புகளை முதலிலும், பால் எடுக்கும்போது கிட்டத்தில் உள்ளவற்றை முதலிலும் எடுத்துக்கொண்டால், துடைத்த காம்பில் கை உரசாது. ஒரே மாதிரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் வளர்ந்தால், அது நோயைக் காட்டவில்லை, கொட்டகையைக் காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். ஏற்காட்டின் குளிரில் எடுத்ததை ஐஸ் இல்லாமல் பையில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி, சித்திரை வெயிலில் சேலம் கொண்டு வந்தால், வழியிலேயே வேண்டாத கிருமிகள் பெருகிவிடும்.

ஆய்வாளர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. என் பார்வையில் இதுவே அதிகம் கவனிக்கப்படாதது. ஆய்வகத்துக்கு வருபவை பெரும்பாலும் மருந்துக்குக் குணமாகாத மாடுகளின் மாதிரிகள். அவற்றிலுள்ள கிருமிகளிடம் கண்ட மருந்து எதிர்ப்புத்திறனை ஒட்டுமொத்த வட்டாரத்தின் நிலையாக எழுதினால், உண்மையைவிடக் கூடுதலான படம் கிடைக்கும். நோயற்ற மந்தைகளிலிருந்தும் முறைப்படி மாதிரி எடுத்தால்தான் அந்த விகிதத்துக்குப் பொருள் உண்டு.

கோமாரி, தோல் கழலை, ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவை வைரஸால் வருபவை. கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் பின்னர் சேரும் பாக்டீரியாவுக்கு மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டுமே, அது தேவைப்படும்.

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். லேபிளில் குறிக்கப்படாத இடத்தில் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என 2012ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி கூறுகிறது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கொதி கிருமியைக் கொல்லும், மருந்து எச்சத்தை முழுதாக அழிக்காது. உறை ஊற்றிய பால் தயிராகாமல் நிற்பதற்கு அந்த எச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். வீணாகிறதே என்று அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டுவது இன்னும் மோசம்: குறைந்த அளவு மருந்து நாள்தோறும் குடலுக்குள் போகும்போது, தாங்கி நிற்கும் கிருமிகளே அங்கே பெருகும்.

மருந்தை எதிர்த்து நிற்க உதவும் மரபணுக்கள் ஒரு வகைக் கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. கோலிஸ்டின் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் அத்தகைய தாவும் மரபணு ஒன்று 2015இல் சீனாவில் பன்றி, இறைச்சி, மனிதர் ஆகிய மூன்றிடத்தும் கண்டறியப்பட்டது. மனிதர்க்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் அந்த மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தர இந்தியா 2019இல் தடை விதித்தது. பழைய இருப்பிலோ தீவனக் கலவையிலோ அந்தப் பெயர் தென்பட்டால் பயன்படுத்தக் கூடாது. மரவள்ளிக் காட்டுக்குக் கோழி எருவை மக்கவிடாமல் பச்சையாகக் கொட்டுவதும் தவிர்க்கத்தக்கதே, ஏனெனில் கொடுத்த மருந்தில் ஒரு பங்கும் தாங்கிப் பழகிய கிருமிகளும் கோழியின் கழிவோடு வெளியேறுகின்றன.

மாதிரியோடு அனுப்பும் படிவத்தைப் பாதி காலியாக விடுவதும் வழக்கமாகிவிட்டது. எந்தக் காம்பு, கன்று ஈன்று எத்தனை நாள், கடைசியாக எந்த ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்பவை இல்லாமல் வளர்ப்புத் தட்டின் முடிவைச் சரியாக வாசிக்க முடியாது. மருந்தின் பெயர் நினைவில்லை என்றால், காலிக் குப்பியையே ஒரு தனிப் பையில் போட்டுச் சேர்த்து அனுப்பலாம்.