பிள்ளை என்ன சாப்பிட்டது? வீட்டிலேயே கணக்கெடுக்கும் முறை

உப்புவெளியில் எங்கள் மதிலுக்கு அப்பாலிருந்து தினமும் ஒரு குரல் கேட்கும்: "பிள்ளை ஒன்றும் சாப்பிடுவதில்லை." என் மகளைப் பற்றி நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், தராசு வாங்கும்வரை.

முதலில் வயதைப் பாருங்கள். 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் உணவைத் தராசில் நிறுத்து எழுதுவதே நல்லது. 4 முதல் 11 வரை, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதைப் பெற்றோரிடம் கேட்டு எழுதலாம். டியூட்டீரியமும் ஒட்சிசன்-18உம் (ஐதரசன், ஒட்சிசன் அணுக்களின் பாரமான வகைகள்) சேர்ந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரைச் சோதித்து, உடல் செலவழித்த சக்தியோடு ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் இந்த முறைகளை எடைபோட்டார்கள். நமக்குச் சமையலறைத் தராசு போதும்.

வெறும் தட்டை வைத்துப் பூச்சியமாக்குங்கள். இடியப்பத்தை வைத்து எழுதுங்கள். மறுபடி பூச்சியம், பிறகே சொதி. மகளுக்கு வைத்தது இடியப்பம் 90 கிராம், சொதி 60 கிராம். எழும்பிப் போனபோது தட்டில் குழைந்து கிடந்தது 50 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இடியப்பம் 60, சொதி 40 என்று எழுதினேன். மீன் முள்ளைத் தனியே நிறுத்துக் கழியுங்கள். பூனைக்குப் போனதும் கழிவுதான். பலரும் விட்டுவிடுவது இந்த மிச்சக் கணக்கைத்தான்.

கேட்டு எழுதுவதானால் சுற்றுச் சுற்றாகக் கேளுங்கள். முதலில் குறுக்கிடாமல் சொல்லவிடுங்கள். அடுத்து மறந்தவை: டொபி, பிஸ்கட், தேநீரில் போட்ட சீனி, கடற்கரையில் வாங்கிய கச்சான். அளவு கடைசியில்தான்; வீட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "பால் குடித்தாளா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "எழும்பியதும் என்ன கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். திரிபோஷா என்ற சத்துமாவைப் பைக்கெற் குறைந்ததை வைத்துக் கணக்கிட வேண்டாம். அக்காவும் கை வைத்திருப்பாள்.

மூன்று நாளாவது வேண்டும், அதில் ஒன்று வார இறுதி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, ஞாயிறு நண்டு. ஒரு நாளை மட்டும் பார்த்தால் வேறு பிள்ளையின் கணக்குப்போல இருக்கும்.

ஊட்டுகிற எல்லோரிடமும் தனித்தனியே கேளுங்கள். அம்மம்மா எதுவும் கொடுக்கவில்லை என்று சாதித்தார். மூன்றாம் நாள் அவரது கைப்பையில் மாலு பணிஸ் (மீன் கறி வைத்த பணிஸ்) சுற்றிய கடதாசி கிடைத்தது. நிறுக்க மிச்சம் ஏது? அதே கடையில் இன்னொன்று வாங்கி, நிறுத்து எழுதிவிட்டு, நானே தின்றேன்.