பிளேட் கேரியருக்கு ஃபோம் தகடு: வளைவு நிற்கும்படி செய்வது எப்படி?

பிளேட் கேரியர் என்பது குண்டு தடுக்கும் தகடுகளை முன்னும் பின்னும் உள்ள பைகளில் செருகிப் போட்டுக்கொள்ளும் மேலங்கி. காலியாக இருந்தால் அது உடம்பில் ஒழுங்காக நிற்காது. முன்பக்கம் தொளதொளவென்று மடியும், மேகசின் (குண்டுகள் அடைத்த கூடு) வைக்கும் பவுச் எல்லாம் சாய்ந்து தொங்கும், ஓடினால் குலுங்கும். உள்ளே ஒரு தகடு போட்டால் சரியாகிவிடும். உண்மையான தகடு ஒன்றே இரண்டு, மூன்று கிலோ வரும். பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் ஏர்சாஃப்டுக்கு அந்தக் கனம் எதற்கு? ஃபோமில் செய்தால் கால் கிலோவைத் தாண்டாது.

ஆனால் இது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு விளையாட்டுக்கு மட்டும்தான். நிஜக் குண்டையோ கத்தியையோ இது தடுக்காது. வேறு எதற்கும் இதை நம்பிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஃபோம் என்றால் தரையில் விரிக்கும், ஒன்றோடொன்று கோர்க்கிற ஈ.வி.ஏ. பாய்தான் என் தேர்வு. 10 மி.மீ. தடிமனில் இரண்டு அடுக்கு போதும். மெத்தைப் பஞ்சு வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், நாலு ஆட்டத்தில் அமுங்கிவிடும். தெர்மக்கோல் உடையும், காண்டாக்ட் பசை பட்டால் கரைந்தும் போகும்.

அளவுக்கு லேபிளை நம்பாமல் பையின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள். 'மீடியம்' தகடு 9.5 × 12.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 24 × 32 செ.மீ. ஆனால் ஏர்சாஃப்ட் கேரியர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் தைக்கப்படுவதில்லை. ஒரு தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, பாதி வடிவம் வரைந்து வெட்டினால் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். மேல் மூலைகளைச் சரிவாக வெட்டுங்கள், துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது இடிக்காது. தாளைப் பார்த்து அட்டையில் ஒன்று வெட்டி, பைக்குள் நுழைத்துப் பார்த்த பிறகு ஃபோமைத் தொடுங்கள்.

வெட்டுவதற்கு முனையை உடைத்துக்கொள்ளும் கட்டர் கத்திதான் சரி. கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கிவிடும். ஈ.வி.ஏ. கத்தியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். இழுக்கும்போது ஓரம் பிசிறினால் உடனே முனையை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டினால் ஓரம் நேராக நிற்கும்.

இனி வளைவு. பலரும் தடுமாறுவது இங்கேதான். இரண்டு அடுக்கையும் தட்டையாக ஒட்டிவிட்டு அப்புறம் வளைத்தால், கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் அடுக்குக்கு அதிக நீளம் தேவை. 30 செ.மீ. ஆரத்தில் 24 செ.மீ. அகலத்தை வளைத்தால் வெளி அடுக்குக்குச் சுமார் 8 மி.மீ. கூடுதலாக வேண்டும். அதனால் வளைத்த நிலையில்தான் ஒட்ட வேண்டும்.

உள் அடுக்கை அட்டையின் அளவுக்கே வெட்டுங்கள். வெளி அடுக்கை அகலவாட்டில் 1 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனியே ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி), ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஃபோம் துவளும்வரை சூடாக்கி, ஒரு பெரிய டிரம்மின் மேல் வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பசை தடவுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு சூடு காட்டினால் பசை இளகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காண்டாக்ட் பசையை ஒட்டவேண்டிய இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிறகோ, தொட்டால் தொட்டதுதான், பிரித்து நகர்த்த முடியாது. அதனால் இரு அடுக்கிலும் நடுக்கோடு போட்டுக்கொண்டு, உள் அடுக்கை டிரம்மின் மேல் வைத்து, நடுவை முதலில் ஒட்டி, அங்கிருந்து இரு ஓரத்துக்கும் அழுத்திக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்ததும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள். ஹாட் குளூ வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும்.

பின்சேர்க்கை: பைக்குள் தகடு நுழைய மறுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஃபோம் துணியில் உராய்ந்து பிடித்துக்கொள்கிறது. முழுவதும் துணி டேப் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் டேப்பை இறுக்கி இழுத்துச் சுற்றினால் வளைவே மாறிவிடும், தளர்வாகவே ஒட்டுங்கள். தகடு கீழே இறங்கிவிடுகிறது என்றவர்கள், வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைப் பையின் அடியில் வைத்து வெல்க்ரோவை மூடுங்கள். பசை நாற்றம் போக, டேப் சுற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைக்க வேண்டும்.